கோவைப்பழ ஆசாரி ஒதுக்கிய கத்தி

லாரி நடுவழியில் நின்றுபோனால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர், நானறிய, தொண்டிக் கோவைப்பழ ஆசாரிதான். டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்கு மேலிருக்கும் வில்லுப்பட்டையைச் சுண்டிப் பார்ப்பார். "ஒடஞ்சா எனக்குச் சொல்லி விடுங்கண்ணே!" டிரைவர் அடிக்க வருவார்.

கத்திக்கு எந்த இரும்பு என்பதில் அவ்வளவு பிடிவாதம். ஜன்னல் கம்பியைக் கொண்டுபோனால், "இதுல கூரு நிக்காது, பாயாசம் கிண்டலாம்" என்பார். பழைய அரத்தைக் கொடுத்தால், "கூரு நிக்கும். கீழ விழுந்தா ரெண்டாப் போயிரும்." லாரிப் பட்டைதான் உசத்தி. பட்டப்பகலில் பட்டறை வாசலைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார். வெளிச்சம் பட்டால் இரும்பு காய்ந்த நிறம் தெரியாதாம். கோவைப்பழச் சிவப்பு வந்த நொடியில் எண்ணெயில் முக்க வேண்டும். பேர் வந்தது அப்படித்தான்.

கொழும்பில் வாக்கப்பட்ட மகள் வள்ளி, 'இங்கன ஒரு கத்தியும் மீன் அறுக்க மாட்டேங்குது அய்யா, ஒண்ணு செஞ்சு கொண்டாங்க' என்று எழுதியிருந்தாள். எந்தக் கத்தியைச் செய்தாலும் மகளுக்குக் காணாது என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதெல்லாம் ஊருக்கு வந்தது. மூன்று வருஷமாக, மகளைத் தவிர தொண்டியே அவர் கத்தியில் மீன் அறுத்தது.

ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குப் போய்வந்த காலம் அது. அங்கிருந்த அண்ணனைப் பார்க்க நான் கிளம்பினேன். கையோடு கத்தியைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

"நாளைக்கு ரயிலு ஆசாரி, முடிஞ்சிருச்சா?" என்று, புத்தி கெட்டுப்போய், சாக்கைத் தூக்கினேன். உச்சிவெயில் உள்ளே பாய்ந்தது.

"ஏலே, மூடு!"

நிறம் தெரியாமல் இரும்பு அதிகமாகக் காய்ந்துவிட்டது. எண்ணெயில் இறங்கியதும் 'டிக்' என்றது. கத்தியில் மயிரிழை விரிசல்.

வண்டி வண்டியாகத் திட்டுவார் என்று நின்றேன். "அடுத்த வாட்டி நல்லதாக் குடுத்து விடுறேன்னு புள்ளகிட்டச் சொல்லுங்க தம்பி" என்றார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

மனசு கேட்கவில்லை. எங்கள் அடுப்படியிலிருந்த, அவர் ஒதுக்கிய கத்தி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போய் வள்ளியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கியபடி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அய்யா வரலையாண்ணே?"

"அவரு எங்க வர? எங்கிட்டக் குடுத்து விட்டாரு."

"கத்தி இங்கன தெருவுக்குத் தெரு விக்குதுண்ணே. அதச் சாக்கா வச்சாவது அவரு ஒரு நட வருவாருன்னுதான் கேட்டேன்."

அந்த மனிதரைக் கூட்டிப் போகாமல் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனேனே என்று, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.