மார்வாவின் மூக்கு

இந்த நவம்பர் மான் வேட்டையில் தம் உடம்பிலிருந்து மனித வாடை துளிகூட வரக்கூடாது என்று எல்டன் ஹாகன் முடிவுகட்டிவிட்டார். மூன்று வருடமாக விஸ்கான்சின் மான்களெல்லாம் அவருடைய வேட்டைப் பரணிலிருந்து குண்டு எட்டாத தூரத்திலேயே நின்று, மூக்கை விடைத்து, தரையை உதைத்து, வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிப்போயின. மனைவியின் தம்பி ராலியோ வருடம் தவறாமல் ஒரு கொம்பன் மானைச் சாய்த்துவிட்டு வந்து, "இந்த வருஷமும் கடைக் கறிதானா மச்சான்?" என்று விசாரிப்பான். மானம் போனது.

வாசனையில்லாத சோப்பு வந்தது. பல் துலக்கச் சமையல் சோடா வந்தது. வேட்டை உடுப்பெல்லாம் பைன் இலையோடு பெட்டிக்குள் போயின. ஒரே சிக்கல், தம் வாடை தமக்கே தெரியவில்லை.

"மார்வா, கொஞ்சம் மோந்து பாரேன்."

மனைவி மார்வா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கழுத்தருகே குனிந்தாள்.

"சுருட்டு."

"இன்னிக்குத் தொடவே இல்லையே!"

"தோல்ல ஊறிக் கிடக்கு. எனக்கே தெரியுது, மானுக்குத் தெரியாதா?"

சுருட்டுப் பெட்டி ராலி வீட்டுக்குப் போனது. மறுநாள் மறுபடியும் கழுத்தை நீட்டினார்.

"நாய் வாடை."

"நம்ம நாய் செத்து நாலு வருஷமாச்சு."

"அது படுத்த நாற்காலி சாகலையே. நாள் பூரா அதுலதானே கிடக்குற?"

இருபது வருடமாக அவர் உடம்புக்கென்றே குழிந்துபோன நாற்காலி அது. குப்பை வண்டியில் ஏற்றும்போது எல்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள் பெட்ரோல் வாடை என்றாள். பதினோரு வருடமாக அவள் சொல்லியும் கேட்காதவர், கார் ஷெட்டை ஒரே நாளில் கழுவித் தள்ளினார். "என் பொண்டாட்டி மூக்குகிட்ட போலீஸ் நாய் பிச்சை வாங்கணும்" என்று ஊர் பாரில் பெருமையடித்தார். அந்த உற்சாகத்தில், ஆயுளுக்கும் சுருட்டைத் தொடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் வேறு செய்தார்.

சனிக்கிழமை வேட்டை தொடங்கியது. காலை ஒன்பது மணிக்கு எட்டுக் கிளைக் கொம்பன் ஒன்று பரணடிக்கே வந்து நின்று, எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஓக் கொட்டை கொறித்தது. எல்டன் சுட்டார். விழுந்துவிட்டது.

சாயங்காலம் ராலி வந்து கொம்பின் கிளைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். எல்டனுடைய சுருட்டையே பற்றவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். எல்டனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மான் ஈரலை வெங்காயம் போட்டுத் தம் கையாலேயே வதக்கினார்.

"எல்லாம் உன் மூக்கோட புண்ணியம், மார்வா. வாசம் எப்படி, தூக்குதா?"

மார்வா கைக்குட்டையை எடுத்து நிதானமாக மூக்கைச் சிந்தினாள்.

"எனக்கெப்படித் தெரியும்? மூக்கடைச்சு ஒரு மாசமாச்சு. ஒரு வாசனையும் தெரியல."