செடிக்குக் கட்டிய சிவப்பு நூல்

கூச்சம் பிடித்தவனுக்குப் பொய் சொல்ல நேரம் வேண்டியதில்லை. எனக்கு அரை விநாடி போதுமாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டுக்கு அருகே ஒரு வேர்க்கடலை ஆராய்ச்சிப் பண்ணையில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். (தற்காலிகம் என்றால், அதிகாரி முகம் சுளிக்கும் வரை.) மாமல்லபுரத்து மணலில் ஒரே ஒரு விவசாயி விடாமல் விதைத்துவந்த, தரையில் படரும் கொடிக் கடலையை இலைப்புள்ளி நோய் தொடுவதில்லை. அதை, நிமிர்ந்து நிற்கும் எங்கள் கொத்துக் கடலையோடு கலக்க வேண்டும். கொத்துக் கடலை மொட்டின் ஆண் பாகத்தை மாலையில் கிள்ளி எடுத்து, விடியற்காலையில் கொடிக் கடலையின் மகரந்தத்தைத் தடவி, பூவின் அடியில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவேன். நாற்பது பூக்கள். அந்த நூலை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

களை எடுக்க வந்த கன்னியம்மா கேட்டாள்: "இன்னா சார், செடிக்கு நூலு கட்டிகினு கீறே?"

நாலு பெண்கள் எதிரே ஆண் பாகம் என்று எப்படிச் சொல்வது? காது சுட, "கல்யாணம் பண்ணிவெச்சேன். குழந்தை பிறக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பத்து நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பினால், பாத்தி முழுக்கச் சிவப்பு நூல்! முந்நூறாவது இருக்கும். மறுநாள் காலை அதிகாரி வருகிறார்.

"எம் பொண்ணுக்கு மூணு வருசமா ஒண்ணும் தங்கல சார்" என்றாள் கன்னியம்மா. "நானும் ஒண்ணு கட்னேன். இவளுங்க சும்மா இருப்பாளுங்களா?"

ஒன்றை அவிழ்க்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவ இப்ப முழுகாம கீறா! அவுத்தின்னா அந்தப் பாவம் உன்ன வுடாது!"

கையை எடுத்துவிட்டேன். மறுநாள் அதிகாரி வந்தபோது ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"இது பண்ணையா, வேண்டுதல் மரமா?" என்றார் அதிகாரி. எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். "நூல் கட்டிய அத்தனை காயையும் விதை. கலப்பு இருந்தால் செடி தரையில் படரும். ஒன்றுகூடப் படராவிட்டால் நீ ஊருக்குக் கிளம்பு" என்றார்.

அடுத்த பருவத்தில் தினமும் முட்டி போட்டுப் பார்த்தேன். எல்லாம் விறைப்பாக நின்றன. ஒரு நாள் ஒன்று சாய்ந்திருந்தது. (மாடு மிதித்ததாம்.) பிறகு இன்னொன்று, அதை யாரும் மிதிக்கவில்லை. கடைசியில் பதினோரு செடிகள் படர்ந்தன. என் வேலை பிழைத்தது. கன்னியம்மா பேத்தியோடு வந்து நின்றபோது குழந்தையைவிடச் சத்தமாக அழுதது நான்தான்.

அன்றிலிருந்து யார் எது கேட்டாலும் மிச்சம் வைக்காமல் விளக்கிவிடுகிறேன். எட்டாவது படிக்கும் மகள் தோழிகளோடு வந்து, "பூ எப்படிப்பா காயாகுது?" என்றாள். இரண்டு மணி நேரம், படத்தோடு. அந்தத் தோழிகள் இப்போது எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை. உப்பு ஜாடி எங்கே என்று மகள் கேட்டு, நான் வாயைத் திறந்தாலே, உள்ளேயிருந்து மனைவி கத்துகிறாள்: "அவரக் கேக்காதடி, நானே வந்து எடுத்துத் தரேன்!"