விலகாதீர்கள், வெர்லின்!

உலகில் வரிசைகள் பல உண்டு. அவை யாவும் மனிதனின் அற்ப குணத்தை வளர்ப்பவை. முன்னால் நிற்பவர் சலித்துப்போய் வீடு திரும்பினால் பின்னால் நிற்பவர் உள்ளூர மகிழ்வார். முன்னவர் நீடூழி நிற்க வேண்டுமென்று பின்னவர் மனமுருகி வேண்டும் உன்னதமான வரிசை ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சோளக்காடுகளுக்கு மேலே ஓடும் மின்கம்பிகளைக் காத்துவரும் மதிப்பிற்குரிய அலுவலகம் அதனை நடத்தி வருகிறது.

அவ்வரிசையில் நிற்பவை, கம்பியில் இணைய விரும்பும் மின்நிலையங்கள். அவற்றுள் எதுவும் இன்னும் கட்டப்படவில்லை. அனுமதிக்குப் பின்னரே கட்டுவது மரபு. முன்னால் நிற்கும் அனைவரையும் கணக்கிட்டு, கம்பி தாங்குமா என்று ஒவ்வொருவருக்கும் “ஆய்வு” நடைபெறும். ஒருவர் விலகினால், அவருக்குப் பின்னால் உள்ள அனைவரின் ஆய்வும் முதலிலிருந்து தொடங்கும். நீதி என்றால் இதுவன்றோ!

பெல் ஃபோர்க் என்னும் சிற்றூரின் மேயர் மார்லிஸ், தம் ஊருக்கான சூரிய மின்நிலையத்துடன் அவ்வரிசையில் இருந்தார். ஊரில் பாதிப்பேர் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை செய்தனர். மின்சாரம் போதவில்லை, புதிய நிலையம் வராவிட்டால் ஆலையை அண்டை மாநிலமான கென்டக்கிக்குக் கொண்டு போய்விடுவேன் என்று அதன் முதலாளி ரோஸ்கோ அறிவித்திருந்தார்.

ஆய்வு முடியும் தறுவாயில், தமக்கு நேர் முன்னால் காற்றாலைக்காக நின்ற வெர்லின் விலகப்போவதாக மார்லிஸுக்குச் செய்தி எட்டியது. உடனே ‘ருபார்ப் பை’ என்னும் இனிப்புப் பணியாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார்.

“ஏன் வெர்லின், உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?”

“கோவிச்சுக்காதீங்க மேயரம்மா. காத்தாலை நிக்க வேண்டிய எடத்துல எங்கண்ணன் பன்றிக் கொட்டகை போட்டுட்டான். விசிறி செய்யற கம்பெனியும் மூடியாச்சு. நான் இனி எதை நடறது?”

“நீங்க எதையும் நட வேணாம். சும்மா நின்னா போதும்.”

“இல்லாத காத்தாலைக்கு எவ்வளவு நாள்தான் நிக்கறது?”

“உங்களுக்கு முன்னாடி நின்ன ஹார்வி செத்தே போயிட்டாரு. அவர் சம்சாரம் விலகினாங்களா? அது குடும்பம்!”

வெர்லின் வெட்கித் தலைகுனிந்தார். “சரி, நிக்கறேன். பணியாரத்தை வெச்சுட்டுப் போங்க.”

அவ்வாண்டின் பொதுக்கூட்டத்தில், அலுவலகத் தலைவர் திரு. ரென்ஃப்ரோ வரிசையின் நீளத்தைச் “சாதனை” என்று வருணித்தார். மார்லிஸ் மிகுந்த தயக்கத்துடன் எழுந்தார்.

“ஐயா, ஆய்வு எப்ப முடியும்?”

“யாரும் விலகாம இருந்தா உடனே முடிஞ்சிடும்மா.”

“ஏன் விலகறாங்க?”

“ஆய்வு முடியலேன்னுதான்.”

“அப்ப முதல்ல ஆய்வை முடிச்சிடலாமே?”

“எப்படிம்மா முடிக்கறது? விலகிட்டே இருக்காங்களே!”

இத்தெளிவுக்கு மண்டபம் கைதட்டியது. அவ்வேளையில் முன்னிருக்கையில் இருந்த விண்ணப்பதாரர் ஒருவர் எழுந்தார்.

“உட்காருய்யா!” என்று மண்டபமே அலறியது.

“கழிப்பறைக்குப் போறேங்க...”

“அங்கேயிருந்து அப்படியே வீட்டுக்குப் போயிட மாட்டீங்களே?” என்று மார்லிஸ் கண்கலங்கக் கேட்டார்.

அவர் திரும்பி வந்தார். ஆனால் வரிசையின் முகப்பில் நின்ற பெரிய நிறுவனம் ஒன்று வேறு விதமாக நடந்துகொண்டது. எந்த இடத்தில் அதிர்ஷ்டம் அடிக்குமென்று தெரியாததால், ஒரே நிலையத்துக்காக அது ஏழு இடங்களைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு நன்னாளில் ஆறிலிருந்து விலகியது. அனைவரின் ஆய்வும் ஒருமுகமாக ஆதியை அடைந்தது.

மார்லிஸ் ஆலைக்கு ஓடினார். கொதிகலன்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

“இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ ரோஸ்கோ.”

“நான் பொறுப்பேன் மார்லிஸ். தக்காளி பொறுக்குமா? அது வெயிலைப் பார்த்துப் பழுக்குது, ஆய்வைப் பார்த்து இல்லியே.”

“அப்ப எங்க ஜனங்க?”

“வர்றவங்க வரட்டும். அங்க வேலை இருக்கு.”

கோடை முடிவதற்குள் ஊரில் பாதி வீடுகள் பூட்டப்பட்டன. இனி யாருக்காக மின்நிலையம் என்று, விலகுவதற்காக மார்லிஸ் அலுவலகம் சென்றார். திரு. ரென்ஃப்ரோ அவரை அன்புடன் அமர வைத்தார்.

“தாராளமா விலகுங்கம்மா. உங்களுக்குப் பின்னாடி பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியோட மின்நிலையம் நிக்குது. புதுசா தொடங்கின அவங்க ஆய்வு இந்த வாரம் முடியற மாதிரி இருந்துச்சு. பரவாயில்ல, மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்.”

மார்லிஸ் விலகல் மனுவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பின்னர், “நான் நிக்கறேங்க” என்றார்.

மீதி வீடுகளும் பூட்டப்பட்டுவிட்டன; அவர் இன்றும் நிற்கிறார். காலமான ஹார்வியின் நிலையம், வெர்லினின் பன்றிக் கொட்டகை, ஆளில்லா ஊருக்கான மார்லிஸின் சூரிய ஒளி ஆகிய யாவற்றையும் கூட்டி, “இத்தனை மின்சாரம் வரவிருந்த காலம் வரலாற்றிலேயே இல்லை” என்று அலுவலகம் பெருமிதத்துடன் அறிவித்துள்ளது. அதன் பாதுகாப்பு உணர்வையும் நாம் போற்றியே ஆக வேண்டும். பிற இடங்களில் மின்கம்பியைத் தொட்டவர்கள் சாகிறார்கள். தொடவே விடாமல் ஓர் ஊரைச் சாகடித்த பெருமை இவ்வலுவலகத்திற்கே உரியது.