எஸ்டேட் கணினியின் சந்தனப் பொட்டு

அருங்காட்சியகக் காப்பாளர் செய்யவே கூடாத காரியம், வந்த பொருளைத் துடைப்பது. வேலைக்குச் சேர்ந்து நான் உருப்படியாகச் செய்த முதல் காரியமே அதுதான்.

ஜொகூர் பாரு நகரில் பழைய கணினிகளுக்கென்றே உள்ள சிறிய அருங்காட்சியகம் அது. அன்று மாலை எங்கள் தலைவர் சலீம் சார் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் எட்டு மாதக் குழந்தையோடு நான் வீட்டில். சாஆ ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஆபீசின் முதல் கணினியை எங்களுக்குத் தந்த அங்கே கணக்கு எழுதிய பழைய கிராணி சரோஜா ஆண்ட்டி, அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வந்துகொண்டிருந்தார். வழியில் ஆயர் ஈத்தாமிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

“அம்மாடி, ஆயுத பூஜைக்கு வருசா வருசம் நான் வெச்ச பொட்டு அப்படியே இருக்குல்ல?”

திரைக்கு மேலே பழுப்பாக ஏதோ கறை இருந்தது உண்மை. முந்தின நாள், குழந்தைக்கென்று வைத்திருந்த வெட் டிஷ்யூவால் நான் அதைத் துடைத்ததும் உண்மை. (நாலு டிஷ்யூ. பெருமை வேறு.) ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

“இருக்கு ஆண்ட்டி” என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகுமா, சொல்லாவிட்டால் போகுமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். கடைசியில், வரலாறு படித்த எவரும் செய்யாததைச் செய்தேன். கைப்பையிலிருந்த குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, கணினிக்குப் பொட்டு வைத்தேன்.

ஆண்ட்டி பேரப்பிள்ளைகளோடு வந்தார். பின்னாலேயே சலீம் சார். ஆண்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, பொட்டைத் தொட்டார். விரல் சிவந்தது.

“இத்தன வருசமாவா காயல?”

ஆண்ட்டி விரலை முகர்ந்து பார்த்தார்.

“நான் வெச்சது சந்தனம்மா. குங்குமம் உள்ள கொட்டுனா மெஷின் கெட்டுடும்னு எங்க மேனேஜரு விடவே மாட்டாரு லா.”

நாலு டிஷ்யூ உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அலமாக்!” ஆண்ட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “பூஜைக்கே நாங்க அத இப்படித் தொடச்சதில்லம்மா” என்றார்.

“சார், இந்தக் குங்குமத்தை இப்பவே அழிச்சிடுறேன்...”

சலீம் சார் குறுக்கே பாய்ந்தார். “நீங்க எதையும் தொடாதீங்கம்மா! உட்கார்ந்து நடந்ததை அப்படியே எழுதுங்க.”

எழுதினேன். இன்றும் அந்தக் கணினியின் பக்கத்தில் அட்டை இருக்கிறது: “சந்தனப் பொட்டு, காப்பாளர் துடைத்தது. குங்குமப் பொட்டு, காப்பாளர் வைத்தது.” என் சோதனைக்காலம் மூன்று மாதம் நீண்டது. உறவினர் யார் வந்தாலும் என் கணவர் நேராக அந்த அட்டையிடம்தான் கூட்டிப்போகிறார்.

ஆயுத பூஜையன்று ஆண்ட்டி தவறாமல் போன் செய்வார்.

“என்னம்மா, இந்த வருசம் எதைத் தொடச்ச?”

“ஒண்ணுமில்ல ஆண்ட்டி” என்பேன். போனை வைத்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கணினிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன்.