மேலூர் மாமன் முழுங்காத கேசரி

கல்லூரி வாத்தியாருக்கு ஓய்வு கொடுக்க அரசாணை இருக்கிறது. அவர் வாய்க்கு ஓய்வு கொடுக்க எந்த அரசாணையும் இல்லை. நான் விலங்கியல் நடத்திய காலம் முழுக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழியும் பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் நாலு பேர் விழித்த கண்ணோடு எதிரே உட்கார்ந்துவிட்டால் எனக்கு நாக்கு பரபரக்கும். அந்தப் பரபரப்பில் சொந்த மகளின் கல்யாணத்தையே ஒரு பகல் பொழுது தொங்கலில் விட்டேன். என் தப்புதான். மறைக்கப் போவதில்லை. (மறைத்தாலும் என் மனைவி சரசு விடமாட்டாள்.)

மகள் தேன்மொழியும் மேலூர்ப் பையன் கார்த்தியும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, தாங்களாகவே முடிவெடுத்து, இரண்டு வீட்டையும் பேசிப் பேசிக் கரைத்திருந்தார்கள். மிச்சமிருந்தது கை நனைப்பது மட்டும். சம்மதம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சம்மதம் என்றால் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். அதிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் வாய் சாப்பிட்டால்தான் அது செல்லும்.

தாய்மாமன் பெயர் அழகர்சாமி. நெல் வியாபாரி. ஆள் வாசலை அடைத்துக்கொண்டு வருவார். மீசை அவருக்கு முன்னால் வரும். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் உண்டு. முறைப்படி பார்த்தால் கார்த்தி கட்ட வேண்டியது அந்தப் பெண்ணைத்தான். அது நடக்காததில் மாமனுக்கு உள்ளுக்குள் வருத்தம் இருக்குமோ என்று இரண்டு வீட்டிலும் பயம். ஆகவே நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டுக் கூடத்தில் இலை போட்டபோது, எல்லார் கண்ணும் அழகர்சாமியின் வாய் மேலேயே இருந்தது.

மனிதர் சாப்பிடும் முன் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார். புரையேறிவிட்டது. கார்த்தியின் அம்மா பொன்னம்மா ஓடி வந்து அண்ணன் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாகண்ணே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

"நினைப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றேன்.

அடுப்படி வாசலில் நின்ற சரசு, கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அப்படியா சம்பந்தி? பெறகு எதுனால வருது?" என்றபடியே அழகர்சாமி கேசரியை எடுத்து வாயில் போட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் என் வாழ்நாளில் ஒரு மாணவன் கூட என்னிடம் 'பெறகு?' என்று கேட்டதில்லை.

"தொண்டைங்கிறது நாலு ரோடு கூடுற முக்கு மாதிரி. மூச்சும் சோறும் அங்க குறுக்கும் நெடுக்குமா போகுது. நீங்க முழுங்குற ஒவ்வொரு தடவையும் மூச்சு நிக்குது. நாக்கு பின்னால தள்ளுது, உள்நாக்கு மேல போய் மூக்கு வழிய அடைக்குது, குரல்வளை ஏறுது, அதோட மூடி கவுந்து மூச்சுக்குழாயக் காப்பாத்துது. அஞ்சாறு சோடி நரம்பு, இருபது முப்பது தசை, எல்லாம் வரிசை பிசகாம வேலை செய்யணும். ஒண்ணு பிந்துனாலும் போச்சு."

"போச்சுன்னா?" என்றார் கார்த்தியின் சித்தப்பா, கையில் வடையோடு.

"இடது கையத் தொண்டையில வைங்க. இப்ப முழுங்குங்க. முடிச்சு ஏறி இறங்கும் பாருங்க."

பந்தி முழுக்க இடது கையால் தன் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் ஒன்றை அன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். உணவை நாக்கு பின்னால் தள்ளும்வரைதான் நம் வசம். அதன்பிறகு மூளைத்தண்டு பார்த்துக்கொள்ளும், நம்மைக் கேட்காது. நாம் கூடவே நின்று மேற்பார்வை பார்த்தால் முதல் தள்ளலே தடுமாறிவிடும். அழகர்சாமி மேற்பார்வை பார்க்க ஆரம்பித்திருந்தார்.

கன்னம் இரண்டும் உப்பின. தொண்டை முடிச்சு பாதி ஏறியது, நின்றது, மாட்டுத்தாவணியில் பின்னால் எடுக்கும் பஸ் மாதிரி மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது.

"எனக்கும் எறங்கலைடா" என்று சித்தப்பா வடைக்குள்ளிருந்து முனகினார்.

'மாமன் முழுங்கலையாம்' என்ற செய்தி அடுப்படிக்குப் போய்விட்டது. தேன்மொழி வெளிறிய முகத்தோடு கதவோரம் வந்து நின்றாள். நான் வைத்தியத்தில் இறங்கினேன்.

"ஒண்ணுமில்லீங்க, குரல்வளைய நினைக்காதீங்க. அந்த மூடியப் பத்தி நினைக்கவே நினைக்காதீங்க."

அழகர்சாமியின் கண் பிதுங்கியது.

"அப்பா! நீங்க வாய மூடுனாத்தான் அவுக வாய் வேலை செய்யும்!" என்றாள் மகள்.

பொன்னம்மா அண்ணன் முன்னால் உட்கார்ந்தார். "அண்ணே, மனசுல எதுவும் வச்சிருக்கியா?"

அவர் பலமாகத் தலையை ஆட்டினார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பந்திக்குப் புரிந்தது, சம்மதமில்லை என்று. கார்த்தி இலையை விட்டு எழுந்துவிட்டான். தேன்மொழி கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்ணே!" பொன்னம்மா வெடித்து அழுதார். "உம்மவள எடுக்கலைன்னு இம்புட்டு நாளும் மனசுல வச்சிருந்த. இப்ப வாயிலயும் வச்சிருக்க!"

அழகர்சாமி முகம் சிவந்தது. மீசை நடுங்கியது. களுக்கென்று ஒரு சத்தம்.

"கூறுகெட்டவளே! எம்மவ பெங்களூருல ஒரு மலையாளத்துப் பையன லவ் பண்ணிக்கிட்டுத் திரியுறா! எனக்கு எதுக்குடி உம்மவன்?"

அப்புறம் சித்தப்பா, "மாமன் முழுங்கிட்டாருடோய்!" என்று கத்தினார். (கத்துகிற வேகத்தில் அவர் வடையும் போயிருந்தது.) குலவைச் சத்தம் தெருவரை கேட்டது. அதற்கு நடுவே அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது. "என்னது? எந்தப் பையன்?" என்று கேட்டபடி அழகர்சாமியின் மனைவி வெளியே வந்தார். அவருக்கு அதுவரை தெரியாது. பக்குவமாகச் சொல்ல மனிதர் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

என் மகள் கல்யாணம் தப்பியது. அவர் வீட்டு நிம்மதி போனது. அதுதான் என்னை உறுத்தியது. மறுவாரம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சம்பந்தி, வீட்டுல இப்ப பேச ஆரம்பிச்சுட்டா. ஆனா முத வாய் சோறு எடுக்கையில உங்க மூஞ்சி வந்து நிக்குது. அதுக்கு மட்டும் ஏதாச்சும் வழி சொல்லுங்க. வேணாம், வேணாம், சொல்லாதீங்க!" என்று அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. 'முழுங்கியாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். வீடு வாங்குவதானாலும் சரி, சினிமாவுக்குப் போவதானாலும் சரி.

போன தை மாதம் அழகர்சாமி கூப்பிட்டார். மகளுக்கு அந்த மலையாளத்துப் பையனையே பேசி முடித்துவிட்டார்களாம்.

"கை நனைக்க வாராக. நீங்க கண்டிப்பா வரணும் சம்பந்தி. வந்து மொட்டமாடியில இருக்கணும்."

"மாடியிலயா?"

"மாப்ள வீட்டாளுக முழுங்குற வரைக்கும்."

போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கீழே இலை போடும் சத்தம், பேச்சு, பிறகு நீண்ட மௌனம், பிறகு குலவை. தேன்மொழி படியில் நின்று கையைக் குவித்துக் கத்தினாள்.

"அப்பா! எல்லாரும் முழுங்கிட்டாக. நீங்க எறங்கி வரலாம்!"