சொல்தா வேலை

உ

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
3.8.2025

மதிப்பிற்குரிய மைத்துனர் கலைவாணன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் சாமிக்கண்ணு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காள் கமலாவும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் கேட்கப்போவதில்லை. பிரான்சில் இருபது வருடமாக ரொட்டியும் வெண்ணெயுமாக இருக்கிற உங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல்? முப்பது வருடமாக உங்களை 'நீ' என்று கூப்பிட்டவன், இந்தக் கடிதம் முழுக்க 'நீங்கள்' என்றுதான் எழுதப்போகிறேன். மனசு அந்த அளவுக்கு விட்டுப்போய்விட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் திட்டினால் கைகூப்புகிற படத்தைப் போட்டு நழுவிவிடுவீர்கள் என்பதால் தபாலில் அனுப்புகிறேன். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் புரூஃப் பார்த்த கை இது, எவ்வளவு கோபத்திலும் ஒற்றுப்பிழை வராது.

நம் ஊரில் சொல்தா என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவனுக்குத்தான் அந்தப் பெயர். சொல்தா வீட்டுக் கல்யாணம் என்றால் முன்வரிசை, சொல்தா வீட்டு நாய் என்றால்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கிறாயா என்று ஆறு மாதம் கெடு கொடுத்து சர்க்கார் கேட்டபோது, என் அப்பா கையெழுத்துப் போடக் கிளம்பிப்போய், வரிசை நீளமாக இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தவர். அந்த ஒரு டீயால் நான் இந்தத் தெருவில் அறுபது வருடம் சும்மா சாமிக்கண்ணுவாகவே இருந்துவிட்டேன். எந்த நாட்டுக்காரனையும் சேர்த்துக்கொள்ளும் அந்நியர் படை ஒன்று பிரான்சில் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று என் மகன் வெற்றிவேலுக்கு ஆறு வயது. மறுநாள் காலையிலேயே அவனை எழுப்பிக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தினமும் நான்கு பச்சை முட்டை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப் வைத்து மார்பளவு. சுவரில் அட்டவணை ஒட்டி, தவறியதையெல்லாம் சிவப்பு மையில் குறித்தேன். அவன் நோட்டு முழுக்கப் படம் வரைந்து வைத்திருந்தான். அதையும் திருத்தினேன். அழுதால் அதற்கு ஐம்பது தண்டால். எந்தத் தகப்பன் ஐயா இவ்வளவு செய்வான்? சொல்லுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் உங்களை நம்பி அவனை உங்களோடு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் போனில் கேட்டது ஒரே கேள்வி. நீங்கள் சொன்ன பதில்களை நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். "சொல்தா வேலதான் மாமா செய்யறான். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சொல்தாதான்" என்றீர்கள். நான் கமலாவிடம் பாயசம் வைக்கச் சொன்னேன். அடுத்த வருடம், "இன்னிக்கு நாப்பது சொல்தாவ வரிசையா நிக்க வெச்சிருக்கான் மாமா" என்றீர்கள். பதவி உயர்வு என்று தெருவில் லட்டு கொடுத்தேன். போன தீபாவளிக்கு, "எல்லாம் அவன் கைக்குள்ள அடங்கற ஆளுங்கதான்" என்றீர்கள். அதை நான் தலைமைப் பண்பு என்று எடுத்துக்கொண்டேன். எதிர் வீட்டு ஹரிகிருஷ்ணனிடம், அவர்தான் பதினேழு வருடம் நிஜமாகவே சொல்தாவாக இருந்தவர், "நாப்பது பேரு எம்புள்ள கைக்குள்ள, உன் கைக்குள்ள எத்தினி பேருய்யா இருந்தாங்க?" என்று வாசலில் நின்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "ஒரு சமையக்காரன்" என்றார். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் வாழ்க்கையில் தூங்கியதில்லை.

நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் எரிகிறது.

ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுத் தேசிய தினத்துக்குச் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள் அல்லவா, இந்த வருடம் நானும் ஒரு சொல்தாவின் தகப்பனாகப் போய் நிற்க முடிவு செய்தேன். உங்களிடம் "சொல்தா போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லு" என்று கேட்டேன். படம் வந்தது. தலை முதல் கால் வரை இரும்புக் கவசம், தோளில் அண்டா அகலத்துக்கு மூடி, ஹெல்மெட்டில் சிவப்பாக இரண்டு கண், கையில் ரம்பம் வைத்த துப்பாக்கி. கீழே அவன் எழுதியிருந்தான்: "அப்பா, நீங்களா கேட்டீங்க? புடிச்சிருக்கா? கண்ணுக்கு மட்டும் மூணு நாள் ஆச்சு." பிரெஞ்சுக்காரன் கண் பரிசோதனையைக்கூட மூன்று நாள் பார்க்கிறான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அதோடு விட்டேனா? எட்டடிக்கு ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினேன். 'பிரெஞ்சுப் பட்டாளத்தில் முத்தியால்பேட்டையின் மைந்தன் வெற்றிவேல்' என்று நானே வாசகம் எழுதி நானே புரூஃப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

பதினாலாம் தேதி காலை, கடற்கரைக்குக் கிளம்பிய மற்றச் சொல்தாக்களோடு ஹரிகிருஷ்ணன் வந்து நிமிர்ந்து பார்த்தார். "இது எந்த ரெழிமான்?" என்றார். புது ரெஜிமென்ட், ரகசியம் என்றேன். "இந்தத் தோள வெச்சிக்கினு ஜீப்புல எப்டிய்யா ஏறுவான்?" என்றார். பொறாமை என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் பேத்தி சுடர்விழி, லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்திருக்கிற பெண், ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி துள்ளிக் குதித்தாள். "தாத்தா! இது பதினேழாம் நம்பர்! எங்கிட்ட இருக்கு!" என்றாள். என்ன இருக்கிறது என்று கேட்டேன். "இந்தப் பொம்ம. இவ்ளோதான் இருக்கும்" என்று கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். மெடல் குத்திய ஆறு சொல்தாக்கள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை மச்சான். சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஏன் இப்படிப் பண்ணினாய் நீ?

(மேலே 'நீ' என்று வந்திருப்பதை 'நீங்கள்' என்று திருத்தி வாசிக்கவும்.)

மேசைமேல் பொம்மைப் பட்டாளத்தை நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டாம். பெரியவர்கள் விளையாடுவதாம். பொம்மையை வார்ப்பதும் வர்ணம் பூசுவதும் என் மகனுடைய உத்தியோகமாம். அந்நியர் படையின் வாசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டானாம். எங்கள் வம்சத்துக்கே வாசலில் நிற்பது ஒத்துவராது போலிருக்கிறது. அது போகட்டும். அந்தப் பொம்மைகளுக்கு அவன் ஒரு கதைப் புத்தகமும் எழுதியிருக்கிறான் என்று அந்தப் பெண் கொண்டுவந்து நீட்டினாள். பிரெஞ்சில் இருக்கிறது. அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்க மானம் இடம்கொடுக்கவில்லை. அவளை விட்டால் இந்தத் தெருவில் எனக்குப் பிரெஞ்சு படித்துச் சொல்லக்கூடியவர் யார்? ஹரிகிருஷ்ணன். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

நான்கு நாள் மத்தியானம் அவர் வீட்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கேட்டேன். சூரியன் அணைந்துபோன காலமாம். ஆயிரம் வருடமாக யுத்தம், எதற்காக என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஆள் போதவில்லை என்று ஆறு வயதுப் பையன்களைப் பிடித்துக்கொண்டுபோய், மரபணுவை மாற்றி, இரண்டாவது இருதயம் வைத்து, எட்டடிக்கு வளர்த்து விடுகிறார்கள். அவர்களுக்குத் தூக்கம் கிடையாது, ருசி கிடையாது, அம்மா எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. இந்த வேலையைச் செய்கிறவனுக்குப் பெயரே வைக்கவில்லை. 'செய்கிறவன்' என்றுதான் ஹரிகிருஷ்ணன் படித்தார். செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப் வைத்து மார்பை அளக்கிறான். பச்சையாக எதையோ குடிக்கவைக்கிறான். பையனின் மரபணுவை நீளக் காகிதத்தில் அடித்து, சிவப்புப் பேனாவால் திருத்துகிறான். பயம் என்று இருக்கிற இடத்தில் கோடு இழுத்து ஓரத்தில் ஒரு சுழி. அழுகை என்று இருக்கிற இடத்தில் ஒரு சுழி. அந்தச் சுழியைப் படமாகவே போட்டிருக்கிறான். "இது இன்னாய்யா, கிரேக்க எழுத்தா?" என்றார் ஹரிகிருஷ்ணன். நான் தெரியாது என்றேன். புரூஃப் பார்க்கிறவன் 'நீக்குக' என்று போடும் குறி ஐயா அது! அவன் நோட்டிலும் அட்டவணையிலும் வரைந்த படங்களின் மேலும் பத்து வருடம் நான் போட்ட குறி. தொழில் சொல்லிக்கொடுத்த தகப்பனை உலகத்துக்கே வில்லனாக்கி விற்கிறான். பிழை திருத்துவது ஒரு குற்றமா?

ஐந்தாம் அத்தியாயத்தில் ஹரிகிருஷ்ணன் புத்தகத்தை மூடிவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "பயமே இல்லாத சொல்தாவ நான் ஒருத்தனையும் பாக்கலய்யா. பாலைவனத்துல மணலுக்குள்ள மூஞ்ச வெச்சிக்கினு எங்கம்மா பேரச் சொல்லி அழுதுருக்கேன். ஊருக்கு வந்து யாருகிட்டயும் சொல்லல. உம்புள்ளைக்கு எப்டித் தெரிஞ்சிது?" என்றார். போதும் என்று எழுந்து வந்து, புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கூடத்துப் படத்தைக் கழற்றினால் உங்கள் அக்காள் குறுக்கே நிற்கிறாள். அந்த ஹெல்மெட்டுக்குத் தினமும் குங்குமம் வைத்தவள் அவள்தான். "இது பொம்மடி" என்றேன். "தெரியும், நாலு வருசமா தெரியும். அவன் கையால செஞ்சது, அங்கியே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் இன்னா செய்யறான்னு நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? ஓடுறியா, முட்ட துன்றியான்னுதான கேட்டீங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் எனக்கு எதிராக இப்படி ஒரு பட்டாளமே இருந்திருக்கிறது. அதில் நீங்களும் சேர்த்தி.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பொங்கலுக்கு வருகிறேன் என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறானாம். வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் வாசல்படி அவன் மிதிக்கக் கூடாது. எனக்கு மகன் இல்லை, செய்கிறவனுக்கு ஏது மகன்? நீங்களும் இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்களுக்கும் வழக்கத்துக்காக ஆசி. எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
மூ. சாமிக்கண்ணு

பி.கு.: புத்தகத்தைப் பேப்பர்காரனிடம் போட்டதாக மேலே இருப்பது தவறு. தலையணைக்கடியில் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தோடு நிறுத்தியதும் தவறு, ஹரிகிருஷ்ணனை விடாமல் பிடித்துக் கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கலைவாணா, அதில் ஒரு பிழை இருக்கிறது. பக்கம் 212, கீழிருந்து நான்காம் வரி. பையனைக் கப்பலேற்ற வந்த செய்கிறவன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான், அவன் கண் காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறான். தகவல் சரியில்லை. அன்றைக்குச் சென்னை ஏர்போர்ட்டில் நான் வயிறு சரியில்லை என்று கழிப்பறைக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. அவனை உள்ளே அனுப்பிவிட்டு நீதான் வெளியே எனக்காக நின்றாய். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்தாய். அவன் அங்கே இல்லை. அதனால் அவனுக்குத் தெரிய வழியில்லை, அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். நீதான் சாட்சி, அவனிடம் சொல். அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்தச் சொல். திருத்திய புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், தபாலை நம்ப முடியாது. பொங்கலுக்கு அவனே கையில் கொண்டுவரட்டும். அதற்குள் அடுத்த பதிப்பு வராவிட்டால், திருத்தாமலே கொண்டுவரட்டும்.