கிட்டார் மேதையும் என் ஆறு தலைப்புகளும்

நிரந்தர விசா கிடைக்குமென்றால் மனிதன் எந்தக் கலையையும் நேசிப்பான். இதற்கு நானே சாட்சி. கிட்டாருக்கும் வீணைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், வீணையைத் தரையில் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்பதுதான்.

மெல்பர்னில் எங்கள் மேலாளர் கிரெக், ஓர் ஆங்கிலேய ப்ளூஸ் ராக் கிட்டார் கலைஞரின் பரம பக்தர். என் விசாவுக்கான ஸ்பான்சர் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, எனக்கும் அந்தக் கலைஞர் என்றால் உயிர் என்று அளந்துவிட்டேன். (பெயரையே கிரெக்கின் காபிக் கோப்பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.) கிரெக் நெகிழ்ந்துபோனார். கலைஞர் அடுத்த மாதம் வருகிறார், ரசிகர் மன்ற வரவேற்பில் அவரை அறிமுகப்படுத்தி நீதான் பேசவேண்டும் என்றார்.

பள்ளியில் தலைவர்களைப் பற்றிய கட்டுரை என்றால் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். அதே அச்சில் வார்த்தேன்: முன்னுரை, பிறப்பு, இளமை, தொண்டு, மறைவு, முடிவுரை. ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடமும் செய்தாகிவிட்டது. அலுவலக நண்பர் குகன் அண்ணன் (யாழ்ப்பாணத்துக்காரர்) தாளை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, மனுசன் உயிரோட எல்லோ இருக்கிறார்?"

"ஆமாண்ணே. ஆனா ஒரு தலைப்பை விட்டா மார்க் குறைச்சிடுவாங்களே."

"ஆர் குறைக்கிறது?"

யோசிக்கவேண்டிய கேள்வி. நான் யோசிக்கவில்லை.

கூடத்தில் இருநூறு நரைத்த தலைகள். எழுபத்தெட்டு வயதுக் கலைஞர் கிட்டாரோடு மேடை ஓரமாக நின்றிருந்தார். நான் ஒவ்வொரு தலைப்பையும் உரக்கச் சொல்லி, நிறுத்தி, தொடர்ந்தேன். ஏழைத் தகப்பன், அடகுக்கடையில் வாங்கிய முதல் கிட்டார் எல்லாம் ஒழுங்காக வந்தன. 'தொண்டு' என்ற தலைப்பில் அவர் குடியை விட்டதையும் மூன்று விவாகரத்துகளையும் சேர்த்திருந்தேன். நான்காவது மனைவி முன்வரிசையில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

"மறைவு" என்று குரலைத் தாழ்த்தித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னும் நிகழவில்லை."

கலைஞர் நடந்து வந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். "அப்படியென்றால் சீக்கிரம் வாசித்துவிடுகிறேன்" என்றார். கிரெக்கைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். விசா போயே போய்விட்டது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

போகவில்லை. கிரெக் கையெழுத்துப் போட எட்டு மாதம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த எட்டு மாதமும் மாமனார் மதுரையிலிருந்து போன் செய்து விசா என்னாச்சு என்று கேட்கும்போதெல்லாம், என் மனைவி கல்பனா என்னைப்போலவே குரலைத் தாழ்த்துவாள்.

"இன்னும் நிகழவில்லைப்பா."

இப்போது குடியுரிமை வந்துவிட்டது, கிளென் வேவர்லியில் வீடும் வந்துவிட்டது. அந்த மனிதரோ எண்பதைத் தாண்டியும் கச்சேரிக்கு வந்துகொண்டே இருக்கிறார். ரயில் நிலையத்தில் அவருடைய போஸ்டரைப் பார்த்துவிட்டால் போதும், என் மகள் துக்கம் விசாரிப்பதுபோல என் தோளைத் தட்டுகிறாள்.

"ஸாரி அப்பா. யுவர் எஸ்ஸே இஸ் ஸ்டில் இன்கம்ப்ளீட்."